மானகிரி வெயிலுக்கு பிளாஸ்டிக் புல் தாங்குமா? வீட்டுல போடுறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டிய A டு இசட் இல்ல... அ முதல் ஃ வரை!

புது வீடு கட்டுறவங்க போடுற ரீல்ஸைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. எலிவேஷன், மாடுலர் கிச்சன், ஊஞ்சல்... அடுத்த ஷாட்ல கண்டிப்பா பச்சைப் பசேல்னு ஒரு புல்தரை வரும். தண்ணி ஊத்த வேண்டாம், வெட்ட வேண்டாம், காயவே காயாது. பெருநகர அப்பார்ட்மென்ட் பால்கனியில் தொடங்கிய இந்தச் செயற்கைப் புல் மோகம், இப்போ காரைக்குடி சுற்றுவட்டாரத்து வீடுகளின் வாசல் வரைக்கும் வந்தாச்சு.

ஆனா, சென்னை பால்கனியும் மானகிரி வாசலும் ஒண்ணு இல்லை. பெயர்லயே 'கிரி' இருக்கு, குன்றக்குடி மலை பக்கத்துலயே இருக்கு. ஆனா மலைக்காற்று கிடையாது. செம்மண், பாறை, பொட்டல், சித்திரை வெயில் இதுதான் இந்த ஊரோட நிஜம். இந்த வெயில்ல பிளாஸ்டிக் புல் என்ன ஆகும், எங்கே போடலாம், எங்கே போடவே கூடாது, போடுறதா இருந்தா எப்படிப் போடணும்? ஒவ்வொண்ணா பார்ப்போம்.

ஏன் இவ்வளவு கிராக்கி?

காரணம் ரொம்ப எளிமை: தண்ணி. சிவகங்கை மாவட்டத்துக்கு வருஷத்துக்குச் சராசரியா சுமார் 900 மி.மீ. மழை. அதுல கணிசமான பங்கு வடகிழக்குப் பருவமழை மாதங்கள்லயே கொட்டி முடிஞ்சிடும். தை பிறந்த பிறகு புல்லுக்கு நாமதான் ஊத்தணும்.

எவ்வளவு ஊத்தணும்? வெயில் காலத்துல புல்தரை ஒரு நாளைக்கு சுமார் 5 மி.மீ. தண்ணீரை ஆவியா விடும்னு வெச்சுக்குவோம். ஒரு சதுர மீட்டர்ல 1 மி.மீ. தண்ணின்னா சரியா 1 லிட்டர். 200 சதுர அடி புல்தரைன்னா சுமார் 18.6 சதுர மீட்டர். அப்போ தினமும் 93 லிட்டர். 15 லிட்டர் குடத்துல கணக்குப் போட்டா, தினம் 6 குடத்துக்கு மேல! நாலு மாசக் கோடைக்கு 11,000 லிட்டருக்கும் அதிகம். கிட்டத்தட்ட ஒரு 12,000 லிட்டர் டேங்கர் லாரி முழுக்க, வெறும் 200 சதுர அடிப் புல்லுக்கு.

இன்னொரு காரணமும் இருக்கு. செட்டிநாட்டுப் பக்கம் வீடு கட்டுறது ஒருத்தர், அந்த வீட்டுல இருக்கிறது இன்னொருத்தர். பையன் சிங்கப்பூர்லயோ துபாய்லயோ இருப்பார். வீட்டுல அப்பாவும் அம்மாவும், இல்லைன்னா அப்பத்தா மட்டும். முட்டி வலியோட அவங்க ஓஸ் பைப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்க முடியுமா? 'தண்ணியும் மிச்சம், அம்மாவுக்கும் வேலை மிச்சம்'னு நினைச்சுத்தான் பலரும் செயற்கைப் புல்லை ஆர்டர் பண்றாங்க. எண்ணம் நல்லதுதான். ஆனா, அதே அம்மா காலையில வெறுங்காலோட வாசல்ல நடப்பாங்க. மதியம் கொடியில காயுற துணியை எடுக்க ஓடுவாங்க. இந்த விஷயமே அங்கேதான் முடிவாகணும்.

மைதானத்துல பிறந்த புல்!

செயற்கைப் புல் வீட்டுக்காகக் கண்டுபிடிச்சது இல்லை. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்துல 1965-ல 'ஆஸ்ட்ரோடோம்'னு கூரை போட்ட பிரமாண்ட ஸ்டேடியம் திறந்தாங்க. உள்ளே நிஜப் புல். ஒளி ஊடுருவுற கூரை வழியா வந்த வெளிச்சம் ஆட்டக்காரங்க கண்ணைக் கூசவெச்சதால, கூரைக்குப் பெயின்ட் அடிச்சாங்க. வெயில் இல்லாம புல் செத்துப்போச்சு. 1966-ல மான்சான்டோ நிறுவனத்தோட செயற்கைப் புல்லை அங்கே விரிச்சாங்க. அந்த ஸ்டேடியத்தோட பெயராலேயே அதுக்கு 'ஆஸ்ட்ரோ டர்ஃப்'னு பெயரும் வந்துச்சு.

நமக்கும் இதுக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கு. 1975-ல கோலாலம்பூர்ல நடந்த உலகக் கோப்பை ஹாக்கியில இந்தியா சாம்பியன். அது நிஜப் புல். அடுத்த வருஷமே 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்ல முதல்முறையா செயற்கைத் தரையில ஹாக்கி நடந்துச்சு. இந்தியாவுக்குக் கிடைச்சது 7-வது இடம். 1980 மாஸ்கோவுல, தமிழ்நாட்டைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில தங்கம் ஜெயிச்சோம்.

இன்னிக்கு ஊருக்கு ஊர் ராத்திரி லைட் போட்டு கிரிக்கெட் ஆடுற 'டர்ஃப்' எல்லாம் அந்தப் பரம்பரைதான். கவனிச்சீங்கன்னா, அங்கே கூட்டமே சாயங்காலத்துக்கு மேலதான். மதியம் 2 மணிக்கு ஸ்லாட் காலியா இருக்கும். ஏன்னு அடுத்து பார்ப்போம்.

47 டிகிரி Vs 26 டிகிரி இல்ல... 47-க்கு எதிர் 26!

அமெரிக்காவின் யூட்டா மாகாணத்துல, மலையடிவாரத்துல இருக்கிற வறண்ட ஊர் ப்ரோவோ. அங்கே இருக்கிற பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துல, விளையாட்டு மைதானத்துக்குச் செயற்கைப் புல் போட்ட பிறகு, 2002 ஜூன் மாசம் வெப்பத்தை அளந்து பார்த்தாங்க. பகல் நேரத்துல செயற்கைப் புல் மேற்பரப்பு சராசரி சுமார் 47 டிகிரி செல்சியஸ். உச்சம் 69 டிகிரி. பக்கத்துல இருந்த நிஜப் புல் சராசரி 26, உச்சமே 31-தான். காற்றின் வெப்பம் 37 டிகிரி இருந்த ஒரு நாள்ல, செயற்கைப் புல் 93 டிகிரி வரைக்கும் போயிருக்கு. 37 டிகிரிங்கிறது நமக்குச் சாதாரண ஏப்ரல் மதியம்!

'தண்ணி தெளிச்சா போச்சு'ன்னு நினைக்கிறீங்களா? அதையும் அவங்க பார்த்துட்டாங்க. 79 டிகிரியில இருந்த புல்லுக்கு அரை மணி நேரம் தண்ணி விட்டாங்க. 29 டிகிரிக்கு இறங்குச்சு. 5 நிமிஷத்துல 49. 20 நிமிஷத்துல 73! தண்ணியை மிச்சம் பிடிக்கப் போட்ட புல், தண்ணியைக் குடிச்சிட்டுத் திரும்பக் கொதிக்கும்.

இதுக்குக் காரணம் நம்ம வீட்டு மண்பானையில இருக்கு. பானைத் தண்ணி கசிஞ்சு ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கிட்டுப் போகுது. அதனால உள்ளே ஜில். நிஜப் புல்லும் அதே மாதிரி இலை வழியா தண்ணியை ஆவியாக்கித் தன்னைத்தானே குளிர வெச்சுக்குது. பிளாஸ்டிக் இழையில ஆவியாக ஒண்ணும் இல்லை. வாங்கின வெயிலை அப்படியே வெச்சுக்கும். காலுக்கும், பக்கத்துச் சுவருக்கும், காற்றுக்கும் திருப்பிக் கொடுக்கும்.

வைகாசி மதியம் குன்றக்குடி மலைப்படியிலயோ, கோயில் பிராகாரத்துலயோ வெறுங்கால்ல நடந்திருக்கீங்களா? அந்தக் கல் சூட்டுக்குப் பயந்துதானே கோயில்கள்ல தேங்காய்நார் விரிப்பு போடுறாங்க, வெள்ளைப் பெயின்ட் அடிக்கிறாங்க. திறந்த வாசல்ல செயற்கைப் புல் போட்டா, அந்தச் சூட்டை நாமே காசு கொடுத்து வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றோம்.

அப்போ போடவே கூடாதா?

போடலாம். இடம்தான் முக்கியம். நிழல்ல இருந்தா செயற்கைப் புல் இந்த அளவுக்குச் சூடாகாது. சுற்றியுள்ள காற்றோட வெப்பத்தை ஒட்டித்தான் இருக்கும். அதனால இப்படிப் பிரிச்சுக்கலாம்:

*தாராளமா போடலாம்:* போர்டிகோ, கூரை போட்ட சிட்அவுட், பால்கனி, படிக்கட்டுக்குக் கீழே, வீட்டுக்குள்ளே குழந்தைங்க விளையாடுற மூலை.

*யோசிச்சுப் போடலாம்:* வீட்டுக்குக் கிழக்கே அல்லது வடக்கே இருக்கிற திறந்த இடம். காலை வெயில் மட்டும் பட்டு, மதியத்துக்கு மேல வீட்டு நிழலே விழுந்தா சமாளிக்கலாம்.

*வேண்டவே வேண்டாம்:* மேற்கு, தெற்குப் பக்கத்துத் திறந்த வாசல், நிழலே இல்லாத மொட்டைமாடி, நாய்க்குட்டி பகல் முழுக்க இருக்கிற இடம், பெரியவங்க வெறுங்காலோட நடக்கிற வழி.

சந்தேகமா இருந்தா ஒரு டெஸ்ட். கடையில ஒரு அடிக்கு ஒரு அடி சாம்பிள் கேளுங்க. போடப்போற அதே இடத்துல, மதியம் 1 மணிக்கு வெயில்ல விரிச்சு வைங்க. 2 மணிக்குப் புறங்கையை வெச்சுப் பாருங்க. 5 விநாடி தாங்க முடியலைன்னா, குழந்தையோட பாதம் தாங்காது. இந்த டெஸ்ட்டை மார்கழியில பண்ணி ஏமாந்துடாதீங்க மக்களே!

மொட்டைமாடியில போட்டா வீடு குளுகுளு ஆகுமா?

இது பரவலா சொல்லப்படுற விஷயம். செடி, மண், ஈரம் இருக்கிற நிஜ மாடித்தோட்டம் வெப்பத்தைக் குறைக்கும். பச்சை நிறம் மட்டும் குறைக்காது. பிளாஸ்டிக் புல் தளத்துக்கு நேரடி வெயில் படாம கொஞ்சம் மறைக்கும்தான். ஆனா, தானும் சூடேறி மாடியையே அனலாக்கும். மாடிச் சூடுதான் உங்க பிரச்னைன்னா, வெள்ளை நிறச் சூடு தடுப்புப் பெயின்ட், வெள்ளை ஓடு பதிக்கிறது, பழைய சுண்ணாம்புப் பூச்சு இதெல்லாம்தான் சரியான வழி. வெயிலைத் திருப்பி அனுப்புறதுதான் இதுல சூட்சுமம்.

இன்னொரு ஆபத்தும் இருக்கு. மாடித்தளத்துல எங்கேயாவது தண்ணி தேங்கினா, புல்லுக்கு அடியில இருக்கிறதால கண்ணுக்கே தெரியாது. கான்கிரீட்ல ஓதம் ஏறி, கீழ் அறைச் சீலிங்ல கறை வந்த பிறகுதான் தெரியும்.

கண்ணாடி, கார்த்திகை விளக்கு, பட்டாசு... உஷார்!

செயற்கைப் புல்லோட இழை பெரும்பாலும் பாலிஎத்திலீன். சுருண்ட அடிப்புல் பாலிப்ரொப்பிலீன். சில வகைகள் நைலான். எல்லாமே சூட்டுக்கு உருகுற பிளாஸ்டிக்தான். சாதாரண வெயில்ல உருகாது. ஆனா, எதிர்ல இருக்கிற வீட்டோட பிரதிபலிக்கும் கண்ணாடியில பட்ட வெயில் திரும்பி வந்து ஒரே இடத்துல குவிஞ்சா உருகும். முகப்பு முழுக்க கண்ணாடி வெச்ச வீடு எதிர்ல இருந்தா, கண்ணாடி வெளிச்சம் எங்கே விழுதுன்னு முதல்ல பார்த்துடுங்க.

அப்புறம் நம்ம பண்டிகைகள். கார்த்திகைக்கு வாசல் நிறைய அகல் விளக்கு வைக்காத வீடு உண்டா? தீபாவளிக்கு ஒரு சங்குச் சக்கரம் போதும், புல்தரை நடுவுல கருகின வட்டம் நிரந்தரமா இருக்கும். ஊதுபத்தி சாம்பல், கற்பூரம், திருஷ்டிச் சூடம் எல்லாமே ஓட்டை போடும். கோலத்தையும் மறந்துடாதீங்க. வாசல் முழுக்க புல் போட்டுட்டா ஆச்சி கோலம் எங்கே போடுவாங்க? நிலைப்படிக்கு முன்னாடி குறைஞ்சது ஆறடிக்கு ஆறடி தரையை அப்படியே விட்டுடுறது எல்லாருக்கும் நல்லது.

கடையில கேட்க வேண்டிய கேள்விகள்

'நல்ல குவாலிட்டி சார்'ங்கிறது பதில் கிடையாது. இதையெல்லாம் கேளுங்க:

*உயரம் எத்தனை மி.மீ.?* 25, 35, 40, 50 மி.மீ. வகைகள் பரவலா கிடைக்குது. வீட்டுக்கு 25 முதல் 35 போதும். 50 பார்க்க புசுபுசுன்னு இருக்கும். ஆனா, நம்ம ஊர் செம்மண் தூசி உள்ளே இறங்கினா வெளியே எடுக்கிறது கஷ்டம். இழையும் சீக்கிரம் படுத்துடும்.

*டிடெக்ஸ் எவ்வளவு?* 10,000 மீட்டர் இழையோட எடையை கிராம்ல சொல்றதுதான் டிடெக்ஸ். எண் கூடினா இழை கெட்டி.

*ஒரு சதுர மீட்டர்ல எத்தனை தையல்?* இதுதான் அடர்த்தி. கடையிலயே புல்லை விரலால பிரிச்சுப் பாருங்க. அடித்துணி சுலபமா தெரிஞ்சா அடர்த்தி குறைவு.

*யு.வி. பாதுகாப்பு உண்டா, எத்தனை வருஷ வாரன்டி?* மானகிரிக்கு இதுதான் முதல் கேள்வி. யு.வி. தடுப்பு சேர்க்காத மலிவு ரகம், கொஞ்ச நாள்லயே வெளுத்து, நொறுங்கி, பச்சைத் தூளா உதிரும். வாரன்டியை வாயால இல்லாம பில்லுலயே எழுதி வாங்குங்க. 'நேரடி வெயிலுக்குப் பொருந்தும்'ங்கிற வரி இருக்கணும்.

*அடிப்பக்கம் ஓட்டை இருக்கா?* மழைத்தண்ணி இறங்க வரிசையா துளைகள் இருக்கணும். வீட்டுக்குள்ள போட மட்டும் துளை இல்லாததை வாங்கலாம்.

*ஈயம் இல்லைன்னு பரிசோதனை அறிக்கை இருக்கா?* 2008-ல அமெரிக்காவின் நியூஜெர்சியில சில பழைய நைலான் புல் மைதானங்கள்ல நிறமிக்காகச் சேர்த்த ஈயம் அதிகமா இருக்கிறதைக் கண்டுபிடிச்சாங்க. குழந்தைங்க உருண்டு விளையாடப் போறாங்கன்னா இந்தக் கேள்வியைக் கேட்கிறதுல தப்பே இல்லை.

விலை உயரத்தையும் அடர்த்தியையும் பொறுத்து ரொம்பவே மாறும். கொட்டேஷன் வாங்கும்போது புல், அடித்தளம், பசை, ஆள்கூலி நாலையும் தனித்தனியா எழுதித் தரச் சொல்லுங்க. அப்போதான் ரெண்டு கடையை ஒப்பிட முடியும்.

ரோல் கணக்குல ஏமாறாதீங்க!

இங்கே கிடைக்கிற ரோல் பெரும்பாலும் 2 மீட்டர் அகலம். அதாவது ஆறரை அடி. உங்க இடம் 10 அடிக்கு 10 அடின்னா, ரெண்டு பட்டை வாங்கணும். ரெண்டும் சேர்ந்தா 13 அடி அகலம். 100 சதுர அடிக்கு 130 சதுர அடிக்கும் மேல காசு கொடுப்பீங்க. அதே இடத்தை 13 அடி அகலமாவோ, ஆறரை அடி அகலமாவோ திட்டமிட்டா சேதாரம் கிட்டத்தட்ட இல்லை. அளவை முடிவு பண்ணிட்டு ரோல் வாங்குறதைவிட, ரோல் அகலத்தைப் பார்த்து அளவை முடிவு பண்றது லாபம்.

மண் தரையில போடுறது எப்படி?

நேரா மண் மேல விரிச்சா முதல் மழையிலேயே மேடு பள்ளம் ஆயிடும். முறை இதுதான்:

1. இடத்தைக் கயிறு கட்டிக் குறிச்சு, 4 அங்குலம் மண்ணை எடுங்க. 100 சதுர அடிக்கு சுமார் 33 கன அடி மண் வரும். அதாவது மூணுல ஒரு பங்கு யூனிட்.

2. கோரைக்கிழங்கு ஒண்ணுகூட இல்லாம பொறுக்கி எடுங்க. இது ரொம்ப முக்கியம். கோரையோட ஊசி முளை வயல்ல போடுற பிளாஸ்டிக் மல்ச்சிங் ஷீட்டையே குத்திக் கிழிச்சுட்டு வரும். உங்க புல்லை விடுமா?

3. தரையைத் தண்ணி தெளிச்சு, திமிசு போட்டு இறுக்குங்க. தண்ணி வடிய 100-க்கு 1 சரிவு கொடுங்க. 10 அடி நீளத்துக்கு ஒண்ணேகால் அங்குலம் இறங்கினா போதும். சரிவு வீட்டுச் சுவரைப் பார்த்து இருக்கக் கூடாது.

4. 3 அங்குலத்துக்குச் சின்ன ஜல்லியும் கிரஷர் தூசியும் கலந்து பரப்பி, திரும்ப இறுக்குங்க. 100 சதுர அடிக்கு கால் யூனிட் பிடிக்கும்.

5. மேல ஜியோ டெக்ஸ்டைல் துணி விரிங்க. தண்ணி இறங்கும், களை ஏறாது, மண் மேல வராது.

6. புல் ரோலைப் பிரிச்சு ஒரு மணி நேரமாவது வெயில்ல போட்டு வைங்க. சுருக்கம் நீங்கும். எல்லாப் பட்டையிலயும் இழை ஒரே பக்கம் சாயணும். மாறிப்போனா, ஒரு பட்டை கரும்பச்சையாவும் ஒரு பட்டை வெளிர்பச்சையாவும் தெரியும்.

7. பின்பக்கமா வெச்சுத்தான் வெட்டணும். ரெண்டு பட்டையும் சேர்ற இடத்துல இணைப்பு டேப்பும் பசையும். ஓரம் முழுக்க ஒரு அடிக்கு ஒரு ஆணி. துருப்பிடிக்காத பூச்சு போட்ட ஆணியா வாங்குங்க. ஓரத்துக்கு மரச்சட்டம் வேண்டாம். செம்மண் பூமியில கறையானுக்கு விருந்து வெச்ச மாதிரி ஆயிடும்.

8. கடைசியா கழுவின சிலிகா மணலைத் தூவி, கடினமான பிரஷ்ஷால எதிர்ப்பக்கமா தேய்ச்சு விடுங்க. மணல் உள்ளே இறங்கி இழையை நிமிர்த்தி நிக்க வைக்கும். காத்துல பறக்காமலும் பிடிச்சுக்கும். பழைய டயரை அரைச்ச ரப்பர் குருணை விளையாட்டு மைதானத்துக்கானது. வீட்டுக்கு அது தேவையே இல்லை. சூட்டையும் நாற்றத்தையும் கூட்டும்.

ஆத்தங்குடி கல் மேல பசை தடவாதீங்க!

சிமென்ட் தரை, டைல்ஸ் மேல போடுறவங்களுக்கு ஒரே விதி: முழுசா ஒட்டாதீங்க. ஓரத்துல மட்டும் இரட்டைப் பக்க டேப் போதும். அடியில தண்ணி ஓட வழிவிடுற பிளாஸ்டிக் வடிகால் பாய் போட்டா இன்னும் நல்லது.

உங்க வீட்டுல பதிச்சிருக்கிறது பக்கத்து ஊர் ஆத்தங்குடி கல்லா இருந்தா கூடுதல் கவனம் தேவை. கண்ணாடி மேல வார்த்து, கையால செய்யுற சிமென்ட் கல் அது. ஈரத்தையும் கறையையும் உறிஞ்சும். பசையை உரிச்சா மேல இருக்கிற பூவேலைப்பாடும் சேர்ந்து போகும். பல வருஷம் தாங்குற தரையை, சில வருஷம் மட்டும் தாங்குற புல்லுக்காகப் பாழ் பண்றது நியாயமா? அப்படியே வேணும்னா, ஒட்டாம பாய் மாதிரி விரிச்சு, வாரம் ஒருமுறை எடுத்து உதறிப் போடுங்க.

'மெயின்டனன்ஸ் ஃப்ரீ'யா? சான்ஸே இல்லை!

வாரம் ஒரு தடவை சருகு, தூசியைப் பெருக்கணும். துடைப்பத்தைவிடத் தோட்டத்து பிளாஸ்டிக் வாரி நல்லது. செம்மண் தூசி படிஞ்சா பச்சை, பழுப்பாயிடும். மாசம் ஒரு முறையாவது தண்ணி அடிச்சுக் கழுவணும். வேப்பமரத்துக்குக் கீழே போட்டிருந்தா பழமும் பூவும் உதிர்ந்து ஒட்டும், ரெட்டை வேலை.

நாய் வளர்க்குறவங்க தினமும் கழுவியே ஆகணும். நிஜ மண்ணுல இருக்கிற நுண்ணுயிரிகள் சிறுநீரைச் சிதைச்சுடும். பிளாஸ்டிக்ல அது அப்படியே தங்கி, மதிய வெயில்ல அமோனியா நாற்றமா கிளம்பும். தண்ணியில கொஞ்சம் வினிகர் கலந்து தெளிச்சுக் கழுவினா குறையும்.

ஆயுசு முடிஞ்ச பிறகு?

நல்ல ரகமே நேரடி வெயில்ல காலத்துக்கும் இருக்காது. வெளுத்து, இழை உதிர்ந்து, ஒரு நாள் மாத்தியே ஆகணும். இழை ஒரு பிளாஸ்டிக், அடித்துணி இன்னொரு பிளாஸ்டிக், அதைப் பிடிச்சிருக்கிறது லேடக்ஸ் பசை, நடுவுல மணல். பிரிச்சு மறுசுழற்சி பண்றது பெரும்பாடு. பழைய இரும்புக்காரர் எடுக்க மாட்டார். தயவுசெஞ்சு எரிக்காதீங்க, அந்தப் புகை உங்க வீட்டுக்குள்ளதான் முதல்ல வரும்.

உதிர்ற பச்சைத் தூள் சின்ன விஷயம் இல்லை. மழையில அடிச்சுக்கிட்டு, வரத்துக்கால் வழியா ஊருணிக்குத்தான் போகும். ஊருணித் தண்ணியைப் பொக்கிஷமா பார்த்த ஊர் இது. செட்டிநாட்டு வீட்டோட முற்றத்தையே பாருங்க. நாலு பக்க ஓட்டுல விழுற மழையை உள்ளே இறக்கிச் சேர்த்து வைக்கிற அமைப்பு அது. 2003-ல தமிழ்நாடு அரசு மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்குச்சு. வாசலைச் சிமென்ட்டால மூடி, அது மேல புல் விரிச்சா அந்த மழை தெருவுக்குத்தான் ஓடும். ஜல்லி அடித்தளத்துல போட்டா ஓரளவாவது மண்ணுக்குள்ள இறங்கும்.

உலகமும் இதுல யோசிக்க ஆரம்பிச்சாச்சு. வறட்சி உச்சத்துல இருந்த 2015-ல, வீடுகள்ல செயற்கைப் புல் போடுறதைத் தடுக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது கலிஃபோர்னியா. அதே மாகாணம் 2023-ல, உள்ளூர் நிர்வாகங்கள் விரும்பினா தடை பண்ணிக்கலாம்னு மாத்திடுச்சு. அதே 2023-ல, மைதானங்கள்ல தூவுற பிளாஸ்டிக், ரப்பர் குருணைகளை 2031-க்குள்ள விற்பனையிலேர்ந்து விலக்க ஐரோப்பிய ஒன்றியம் விதி கொண்டு வந்துச்சு. பாலைவன நகரமான லாஸ் வேகாஸ் இருக்கிற நெவாடா மாகாணம், சும்மா அழகுக்கு மட்டும் இருக்கிற நிஜப் புல்லுக்கு கொலராடோ ஆற்றுத் தண்ணி கிடையாதுன்னு 2021-ல சட்டம் போட்டுச்சு. வீட்டுக்காரங்களுக்கு, புல்லை எடுத்துட்டு வறட்சி தாங்கும் செடி வெச்சா ஊக்கத்தொகையும் அங்கே உண்டு.

பச்சை வேணும், பிளாஸ்டிக் வேண்டாம்னா?

நம்ம மண்ணுலயே பதில் இருக்கு.

*பொடுதலை:* ஆமாங்க, பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுற அதே பொடுதலைதான்! தரையோட தரையா படர்ந்து, கணுவுக்குக் கணு வேர் விடும். சின்னச் சின்னப் பூ பூக்கும். புல்லைவிடக் குறைஞ்ச தண்ணி போதும். அடிக்கடி வெட்ட வேண்டியதும் இல்லை. ஜப்பான்ல இதுலேர்ந்து உருவாக்கின ஒரு ரகத்தைப் புல்தரைக்கு மாற்றா விக்கிறாங்க. நமக்கு வாய்க்கா ஓரத்துல சும்மாவே கிடைக்குது. பூவுக்குத் தேனீ வரும்கிறதால குழந்தைங்க வெறுங்காலோட ஓடுற இடத்துல மட்டும் கவனம்.

*அருகம்புல்:* கோடையில காய்ஞ்சு பழுப்பாகும். செத்துப்போச்சுன்னு நினைப்பீங்க. ஒரு மழை பெஞ்சா துளிர்த்து வரும். நாலு மாசம் பழுப்பா இருக்கிறதைப் பொறுத்துக்க முடியும்னா, தண்ணிச் செலவு ரொம்பவே குறைவு.

*பந்தல்:* தரையில பச்சை தேடுறதுக்குப் பதிலா தலைக்கு மேல தேடுங்க. முல்லையோ, கோவைக்காயோ, அவரையோ ஏத்தி விட்டா, அதுக்குக் கீழே இருக்கிற தரை தானா குளிரும். அந்த நிழல்ல வேணும்னா அஞ்சடிக்கு அஞ்சடி செயற்கைப் புல்லும் விரிச்சு உட்காரலாம்.

*மரம்:* ஒரு வேம்போ, புங்கையோ வெச்சு, முதல் ரெண்டு மூணு கோடைக்கு மட்டும் தண்ணி காட்டினா போதும். அப்புறம் அதுவே பார்த்துக்கும், உங்களையும் பார்த்துக்கும்.

ஆர்டர் பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி...

ஒரு நிமிஷம் இந்த அஞ்சு கேள்விக்குப் பதில் சொல்லிப் பாருங்க. மதியம் 12 முதல் 4 வரை அந்த இடத்துல நிழல் விழுதா? தண்ணி வடிய சரிவு இருக்கா? யு.வி. வாரன்டி கையெழுத்தா கிடைச்சதா? விளக்கு, கோலத்துக்கு இடம் விட்டாச்சா? அஞ்சாவது, எல்லாத்தையும்விட முக்கியமானது: அந்த வீட்டுல தினமும் நடக்கப் போறவங்ககிட்ட கேட்டீங்களா?

முதல் கேள்விக்கே 'இல்லை'ன்னா, புல்லுக்கு ஒதுக்கின காசுல பந்தலோ மரமோ வைங்க. அஞ்சுக்கும் 'ஆமா'ன்னா தைரியமா போடுங்க. வெளிநாட்டுல இருந்து வீடியோ கால்ல பார்க்கும்போது வாசல் பச்சையா தெரியுறது சந்தோஷம்தான். அந்த வாசல்ல அம்மா செருப்பு இல்லாம நிக்க முடியுறது அதைவிடப் பெரிய சந்தோஷம்.